விளக்கு வைத்த பிறகு கொடுத்த எண்ணெய்

மலைமேல் கிளியூர் போகும் வழியில் உள்ள காப்பி எஸ்டேட்டில், தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீடுகளில், யார் வீட்டில் என்ன குழம்பு என்று தெரிந்துகொள்ள அடுப்படியை எட்டிப் பார்க்க வேண்டியதில்லை. கிருஷ்ணம்மாளைக் கேட்டால் போதும். வாசலில் நின்று மூக்கை ஒரு தரம் மேலே தூக்குவாள்.

"வீராயி ஊட்ல கருவாடு. மாதப்பன் ஊட்ல பருப்பு அடிப்புடிச்சிருச்சு. கடைசி ஊட்ல புருசன் பொண்டாட்டி சண்டை."

சண்டை எப்படி மணக்கும் என்று கேட்டால் அதற்கும் பதில் வைத்திருந்தாள். "மணி எட்டாச்சு, அந்த ஊட்ல இன்னும் பொகை வாசமே வல்லை. பின்ன என்னவாம்?"

எஸ்டேட்டிலும் அந்த மூக்குக்குத்தான் சம்பளம். கொட்டை பொறுக்கும் கொட்டகையில் புளித்துப்போன காப்பிக்கொட்டை ஒன்று சாக்குக்குள் ஒளிந்திருந்தால்கூட அவள் கை நேராக அங்கே போகும். ஐம்பது வயதிலும் தலையில் ஒரு நரை இல்லை என்பது அவளுடைய இன்னொரு பெருமை. முழங்காலைத் தொடும் முடி. அதை வாரி முடிய அரை மணி நேரம் ஆகும் என்பதால், அந்த அரை மணியை வாசலில் உட்கார்ந்து, போகிற வருகிறவர்களை விசாரிப்பதில் செலவழிப்பாள்.

பக்கத்து வீட்டுக் கலாவதி சோப்பு செய்யத் தொடங்கிய செய்தியை லைன் முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்தவளும் கிருஷ்ணம்மாள்தான்.

"அடுப்பே பத்த வெக்காம சோப்பு பண்றாளாமா. தண்ணியில காஸ்டிக் சோடாக் காரத்தைப் போட்டாளா, அது தானாக் கொதிக்குது. அதுல எண்ணெயை ஊத்தி மத்தால கடையறா. மோர் கடையற மாதிரி கடைஞ்சா சோப்பு வருமாமா."

சொன்னதில் கேலி இருந்தது, ஆனால் பொய் இல்லை. கலாவதிக்கு இடுப்பு பிடித்துக்கொண்டு, குனிந்தால் நிமிர முடியாமல் போனதிலிருந்து எஸ்டேட் வேலை இல்லை. எஸ்டேட் கணக்கு எழுதும் ரைட்டர் அவள் பெயரை எடுத்துவிட்டார். அதற்குப் பிறகு சேலத்தில் பெண்களுக்கு நடந்த பதினைந்து நாள் பயிற்சிக்குப் போய் இந்தச் சோப்பு வித்தையைக் கற்றுவந்தாள். அவள் கணவன் நல்லமுத்துவுக்குத் தைலம் வடிக்கும் கொட்டகையில் வேலை. யூக்கலிப்டஸ் இலையும் எலுமிச்சைப்புல்லும் ஜெரேனியமும் அங்கே ஆவியில் வெந்து தைலமாக இறங்கும். கேன்களில் அடைத்ததுபோக மிஞ்சுவதைச் சின்னச் சின்னக் குப்பிகளில் எடுத்துப்போக முதலாளி அனுமதித்திருந்தார். வாசனைக்குப் பஞ்சமில்லாத வீடு. ஒரே குறை, நல்லமுத்து சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தால் யூக்கலிப்டஸ் மரமே நடந்து வந்த மாதிரி இருக்கும். ஒன்பது வருஷம் அவனோடு குடித்தனம் நடத்தியதில் கலாவதியின் மூக்கு பாதிதான் வேலை செய்தது.

சேலத்தில் தறிப்பட்டறை வைத்திருந்த நல்லமுத்துவின் அண்ணன் அங்கப்பன் மாதம் ஒரு கடிதம் போட்டுக்கொண்டிருந்தார். ஒருவன் சம்பளத்தில் மலை மேல் என்ன செய்கிறீர்கள், இறங்கி வாருங்கள் என்று. கலாவதிக்குத் தறிச்சத்தத்தில் இரண்டு நாள் இருந்தாலே தலை சுற்றும். சித்திரை முடியும்வரை தவணை கேட்டிருந்தாள். அதற்குள் சோப்பு காலூன்றி நின்றால் இங்கே இருப்பது. நிற்காவிட்டால் மூட்டையைக் கட்டுவது.

முதல் சோப்பு தீபாவளிக்கு அடுத்த வாரம் செய்தது. அன்று சாயங்காலம், விளக்கு வைத்துக் கால் மணி ஆகியிருக்கும். காரத்தின் நெடிக்கு மூக்கிலும் வாயிலும் துணியைக் கட்டிக்கொண்டு கலாவதி கிருஷ்ணம்மாள் வாசலில் வந்து நின்றாள்.

"ஏனுங்கக்கா, ரெண்டு ஆழாக்குத் தேங்காயெண்ணெய் இருக்குதுங்களா? பூனை டின்னைச் சாச்சுப்போட்டுதுங்க. காரத்தண்ணி கலக்கி வெச்சுப்போட்டேன். எண்ணெய் கொறைஞ்சா சோப்பு தோலைப் பொசுக்கிப்போடுமுங்க."

"வெளக்கு வெச்சாச்சே கண்ணு."

விளக்கு வைத்த பிறகு எண்ணெய், உப்பு, தயிர் மூன்றும் வீட்டைவிட்டு வெளியே போகக் கூடாது. போனால் லட்சுமியும் கூடவே போய்விடுவாள். கலாவதிக்கும் இது தெரியாததில்லை. "தெரியுமுங்கக்கா, வேற வழியில்லீங்க" என்று அங்கேயே நின்றாள்.

கிருஷ்ணம்மாள் வீட்டில் தீபாவளிக்கு வாங்கிய தேங்காயெண்ணெய் ஒரு டின் நிறைய இருந்தது. அதைக் கொடுக்க மனம் வரவில்லை. லட்சுமி போவாள் என்ற பயம் பாதி, புது டின்னை உடைக்க வேண்டுமே என்ற கணக்கு பாதி. இந்த மாதிரி நேரத்தில் சாஸ்திரம் நமக்கு எவ்வளவு ஒத்தாசையாக இருக்கிறது என்று சொல்லி முடியாது. ஆனால் கலாவதியை வெறுங்கையோடு அனுப்பவும் முடியவில்லை. அப்போதுதான் மூலையில் இருந்த தலையெண்ணெய் ஜாடி கண்ணில் பட்டது. வெட்டிவேரும் மரிக்கொழுந்தும் ஆரஞ்சுத் தோலும் போட்டு வெயிலில் ஊற வைத்த தேங்காயெண்ணெய். மேலே தெளிந்ததை எல்லாம் தலைக்குத் தேய்த்தாயிற்று. அடியில் இரண்டு வருஷத்து மண்டி, வேரோடு வேராகக் கிடந்தது. எப்படியும் கொட்டவேண்டியதுதான்.

சமையலுக்கு ஆகாது, விளக்குக்கும் ஆகாது. அப்படியென்றால் அது எண்ணெய்க் கணக்கில் வராது. லட்சுமிக்கு இதில் ஆட்சேபம் இருக்க நியாயமில்லை. கிருஷ்ணம்மாள் ஒரு துணியில் அதைப் பிழிந்து வடிகட்டி, ஒரு போகணியில் கொண்டுவந்து கொடுத்தாள்.

"மங்கலா இருக்குதுங்களேக்கா."

"கொஞ்சம் பழசு கண்ணு. சோப்புக்குத்தானே."

கலாவதி கும்பிடாத குறையாக வாங்கிக்கொண்டு போனாள்.

சோப்பு நன்றாகவே வந்தது. மரப்பெட்டியில் ஊற்றி, மறுநாள் துண்டு போட்டு, மூங்கில் தட்டில் ஒன்றரை மாதம் ஆறவிட்டாள். தை பிறந்ததும் நல்லமுத்து ஏரிப்பக்கம் புதிதாகத் திறந்த லாட்ஜுக்குத் தைலப் புட்டி கொடுக்கப் போனபோது ஒரு கட்டி கொண்டுபோனான். லாட்ஜ் மானேஜர் ராமசாமி முகர்ந்து பார்த்தார். கை கழுவினார். மறுபடியும் கையை முகர்ந்தார். மறுநாளே லைனுக்கு வந்துவிட்டார்.

"ஏம்மா, கோடை விழாவுக்கு ரூம் ரூமுக்கு வெக்கோணும். எண்பது கட்டி. இது சரியா இருந்தா மாசாமாசம் உங்ககிட்டயே எடுத்துக்கறேன். ஆனா இதே வாசம்தான் இருக்கோணும். வேற வாசம்னா எனக்கு வேண்டாம். சித்திரை பாதியில வந்து பாப்பேன்."

அன்று கலாவதி வீட்டில் கேசரி. கிருஷ்ணம்மாளுக்கு ஒரு கிண்ணம் வந்தது. "நீங்க அன்னைக்கு எண்ணெய் குடுக்காட்டி இது ஏதுங்கக்கா" என்று கலாவதி சொன்னதை அவள் மறுக்கவில்லை. கேசரியில் நெய் போதாது என்று மட்டும் நினைத்துக்கொண்டாள்.

இரண்டாவது தடவை கலாவதி எல்லாவற்றையும் சுத்தமாகச் செய்தாள். நல்ல தேங்காயெண்ணெய், ரேஷன் பாமாயில், கொஞ்சம் விளக்கெண்ணெய். வாசனைக்கு நோட்டில் எழுதி வைத்திருந்தபடி எலுமிச்சைப்புல் மூன்று பங்கு, யூக்கலிப்டஸ் ஒரு பங்கு, ஜெரேனியம் அரைப் பங்கு. கடைந்த கலவை மத்திலிருந்து வழிந்து, மேலே கோடு போட்டது மாதிரி நிற்கும் பதத்தில் தைலத்தை ஊற்றிக் கிண்டினாள். முதல் வாரம் வீடே மணத்தது. மூன்றாவது வாரம் கட்டியை மூக்கில் இடிக்கும் வரை கொண்டுபோய் முகர வேண்டியிருந்தது. நான்காவது வாரம் வெறும் சோப்பு.

அதற்குப் பிறகு அவள் வீடு ஆஸ்பத்திரி லேப் மாதிரி ஆகிவிட்டது. காலண்டர் தாளைக் கீற்றுக் கீற்றாக நறுக்கி, ஒவ்வொன்றிலும் சொட்டு விட்டு, கொடியில் துணிக்கு நடுவே தொங்கவிட்டாள். எலுமிச்சைப்புல்லைக் கூட்டினாள். வீராயி முகர்ந்துவிட்டு, "தரை தொடைக்கிற தண்ணி வாசம் வருதுங்க" என்றாள். யூக்கலிப்டஸைக் கூட்டினாள். மாதப்பன் தனக்குச் சளி இல்லை என்றார். பல்வலிக்கு வைத்திருந்த கிராம்புத் தைலத்தை ஊற்றிப் பார்த்தபோது, கலவை கண் மூடித் திறப்பதற்குள் கல்லாகி, மத்து அதிலேயே மாட்டிக்கொண்டது. நல்லமுத்து உளி வைத்துத் தட்டி எடுத்தான்.

மாசி முடிந்தது. கடைசியில் கலாவதி முதல் தடவை செய்ததில் மிஞ்சிய ஒரே ஒரு கட்டியைக் கொண்டுவந்து கிருஷ்ணம்மாள் கையில் கொடுத்தாள்.

"உங்க மூக்கை நம்பித்தானுங்கக்கா வந்திருக்கறேன். இதுல என்ன இருக்குது, அதுல என்ன இல்லைன்னு பாத்துச் சொல்லுங்க. அவரு அண்ணன்கிட்டயிருந்து மறுபடி கடுதாசி வந்திருச்சுங்க."

கிருஷ்ணம்மாளுக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. கட்டியை வீட்டில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் முகர்ந்தாள். வெறும் வயிற்றில் முகர்ந்தாள், வெற்றிலை போடுவதற்கு முன்பு முகர்ந்தாள். எலுமிச்சைப்புல் தெரிந்தது. யூக்கலிப்டஸ் தெரிந்தது. ஜெரேனியம்கூட ஓரமாகத் தெரிந்தது. அதற்குமேல் ஒன்றும் இல்லை. லைனிலேயே பெரிய மூக்கு என்று பெயரெடுத்தவளுக்கு இது மானப் பிரச்சினையாகிவிட்டது. "எண்ணெய் பழசானதால இருக்குமோ" என்றுகூட அவளுக்கு ஒரு யோசனை ஓடியது. ஆனால் அந்த மண்டிக்கு என்ன வாசம் இருக்கிறது? முப்பது வருஷமாகத் தலையில் தேய்க்கிறாள், ஒரு நாளும் எதுவும் மணந்ததில்லையே.

மூன்றாம் நாள் கொட்டச்சேடு கிராமத்துப் பாவாயி வந்தாள். சொந்தத் தோட்டத்து ஆரஞ்சைக் கூடையில் வைத்து மாதம் ஒரு தரம் லைனுக்குக் கொண்டுவருகிறவள். கூடையை இறக்கியவள், மேடைமேல் இருந்த கட்டியை எடுத்து முகர்ந்தாள்.

"ஏனுங்கக்கா, சோப்பா இது? உங்க தலை வாசம் அடிக்குதுங்களே."

"என்ற தலைக்கு ஏது வாசம்?"

பாவாயி சிரித்தாள். "நல்லாக் கேட்டீங்க. மேட்டுல ஏறி வரும்போதே நீங்க ஊட்ல இருக்கறீங்களா இல்லியான்னு எனக்குத் தெரிஞ்சுபோகும். வெட்டிவேர் வாசம் வந்தா இருக்கறீங்க. இல்லீன்னா குப்பாயி ஊட்டுக்கு மொதல்ல போயிருவேன்."

கிருஷ்ணம்மாள் அன்று ஆரஞ்சுக்குப் பேரம் பேசவில்லை. பாவாயி போகும்போது உடம்பு சரியில்லையா என்று கேட்டுவிட்டுப் போனாள்.

ஊரார் அடுப்பை எல்லாம் முகர்ந்த மூக்கு, தன் தலைமேல் இருந்ததை முகராமல் விட்டுவிட்டது. அது போகட்டும். மற்றதுதான் அவளை உட்கார விடவில்லை. கலாவதியிடம் என்னவென்று சொல்வது? உன் சோப்பில் மணந்தது நான் கொட்ட வைத்திருந்த மண்டி என்றா? புது டின் நிறைய எண்ணெயை வைத்துக்கொண்டு கசடைப் பிழிந்து கொடுத்தேன் என்றா?

அதற்கும் அடியில் இன்னொன்று இருந்தது. போன வருஷத்துக்கு முந்தின மழைக்காலத்தில் பாசியில் வழுக்கி விழுந்து கிருஷ்ணம்மாளுக்குக் கால் எலும்பு விரிசல் விட்டுப்போயிற்று. மாவுக்கட்டு போட்டு நாற்பது நாள். கணவர் ஆறுமுகம் எஸ்டேட் வாட்ச்மேன். அவருக்குத் தெரிந்த சமையல் டீத்தண்ணி. அந்த நாற்பது நாளும் கலாவதிதான் சோறு போட்டாள், துணி துவைத்தாள், மழையில் கைத்தாங்கலாகப் பிடித்துக் கூட்டிப்போனாள். குழாயிலிருந்து மேடேறி இரண்டு வீட்டுத் தண்ணீரையும் சுமந்தாள். அடுத்த மாதம்தான் அவளுக்கு இடுப்பு பிடித்தது. காப்பி மூட்டை தூக்கியதில் பிடித்துக்கொண்டது என்று லைனில் பேச்சு. அந்தப் பேச்சைக் கிளப்பியது கிருஷ்ணம்மாள். வேண்டுமென்று சொல்லவில்லை. யாரோ கேட்டார்கள், வாயில் வந்ததைச் சொன்னாள். கலாவதியும் மறுத்துப் பேசவில்லை.

சொல்லாமலே ஒரு வழி செய்யலாமா என்றும் அவள் யோசித்தாள். கலாவதி கடையும்போது பேச்சுக் கொடுத்துக்கொண்டே தலையெண்ணெயை ஊற்றிவிடலாம். ஆனால் இந்தக் காரியத்தில் எண்ணெய்க்கும் காரத்துக்கும் தராசில் நிறுத்த கணக்கு உண்டு என்று அவளே லைன் முழுக்கச் சொல்லியிருக்கிறாள். நடுவில் ஊற்றினால் கெட்டுப்போகும். பாவத்தின்மேல் பாவம்.

அன்று மத்தியானம் வேலையில் நல்ல கொட்டையைத் தூக்கிக் குப்பையில் போட்டதற்கு ரைட்டரிடம் பேச்சு வாங்கினாள். திரும்பி வந்ததும் முகம் கழுவிக்கொண்டு, தீபாவளிக்குப் பிறகு புதிதாக ஊற வைத்திருந்த தலையெண்ணெய் ஜாடியைத் தூக்கினாள். ஒரு படி எண்ணெய். வருஷம் முழுவதற்கும் அவள் முடிக்கு அதுதான். இடுப்பில் வைத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனாள். பொழுது இன்னும் சாயவில்லை. விளக்கு வைக்கும் முன்பு போய்ச் சேர்ந்தாள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கலாவதி கொடியிலிருந்து காகிதக் கீற்றுகளை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். ஒரு மூலையில் பாதி கட்டிய மூட்டை இருந்தது.

"கண்ணு, உன்றகிட்ட ஒண்ணு சொல்லோணும். நடுவுல பேசாதே. பேசுனா எனக்கு மறுபடி சொல்ல வராது."

எல்லாவற்றையும் சொன்னாள். டின் நிறைய எண்ணெய் இருந்ததை, லட்சுமியைக் காரணம் காட்டியதை, மண்டியைப் பிழிந்ததை. கேசரியில் நெய் போதாது என்று நினைத்ததைக்கூடச் சொன்னாள். அது அவசியமில்லை, வேகத்தில் வந்துவிட்டது. கடைசியாக இடுப்பைப் பற்றியும் சொன்னாள்.

"மூட்டை தூக்குனதுலன்னு நான்தான் சொல்லி வெச்சேன். என்ற கொடத்தைத் தூக்கித்தான் உனக்கு இப்படி ஆச்சு. எனக்கு அது தெரியும்."

கலாவதி ஜாடியின் மூடியைத் திறந்தாள். முகத்தை உள்ளே விடாத குறையாக முகர்ந்தாள். பிறகு அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்துக் கிருஷ்ணம்மாள் பக்கத்தில் போனாள். கலாவதி இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள்.

"வெட்டிவேருங்கக்கா. பயிற்சியில டீச்சரம்மா தலைதலையா அடிச்சுக்கிட்டாங்க. எலுமிச்சைப்புல்லு, ஆரஞ்சு எல்லாம் பறக்கற வாசம், அடியில கனமா ஒண்ணு இருந்தாத்தான் புடிச்சு வெக்கும்னு. அன்னைக்கு மத்தியானம் சாப்பாடு நொம்ப ஆயிருச்சு, நான் தூங்கிப்போட்டேன்."

"நீ சிரிக்கறே."

"பின்ன என்னுங்க பண்றது? அன்னைக்கு நீங்க நல்ல எண்ணெயாக் குடுத்திருந்தா அந்த மானேஜர் என்ற சோப்பைத் தொட்டுக்கூடப் பாத்திருக்க மாட்டாரு."

"அதுக்காக நான் பண்ணுனது நல்லதாயிருமா?"

"ஆகாதுங்க" என்றாள் கலாவதி, சட்டென்று. பிறகு மெதுவாகச் சொன்னாள்: "இடுப்பு எதுல புடிச்சுதுன்னு எனக்கே தெரியாதுங்கக்கா. கொடத்துலயே புடிச்சிருந்தாலும் நீங்களா என்ற தலையில தூக்கி வெச்சீங்க? நான் கல்யாணமாகி இங்க வந்தப்ப, காய்ச்சல்ல கெடந்தேனே, கஞ்சி வெச்சுக் குடுத்துட்டு, நான் குடிச்சு முடிக்கற வரைக்கும் லைன் கதை பூராவும் சொன்னீங்களே. அதுலதான் எனக்கு இங்க இருக்கோணும்னே தோணுச்சு. அதையும் கணக்குல சேத்துக்கங்க."

கிருஷ்ணம்மாளுக்கு அந்தக் கஞ்சி ஞாபகமே இல்லை. கதை சொன்னது மட்டும் லேசாக ஞாபகம் வந்தது.

மறுநாள் இருவரும் தராசை நடுவில் வைத்து உட்கார்ந்தார்கள். ஒரு படித் தலையெண்ணெயும் தேங்காயெண்ணெய்க் கணக்கில் ஏறியது. நான்கு தடவையாகக் கடைந்தார்கள். இடுப்பு வலித்தபோது மத்து கிருஷ்ணம்மாள் கைக்கு மாறியது. கடையும்போது அவள் வாய் சும்மா இருந்ததா என்றால், இல்லை. மாதப்பன் வீட்டு மருமகள் விவகாரம் அன்றுதான் கலாவதிக்கு முழுசாகத் தெரிந்தது. கோடு நிற்கும் பதம் வந்ததும் கலாவதி தைலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டாள், கிருஷ்ணம்மாள் எண்ணினாள்.

மூன்றாவது வாரம் கலாவதி கட்டியை எடுத்து முகர்ந்துவிட்டு, கிருஷ்ணம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டாள். நான்காவது வாரமும் வாசம் நின்றது. ஐந்தாவது வாரம் மூலையில் இருந்த மூட்டையை நல்லமுத்து அவிழ்த்தான்.

சித்திரை பாதியில் ராமசாமி வந்தார். கட்டியை முகர்ந்தார். குழாயில் கை கழுவினார். ஈரம் காயும்வரை வாசலில் நின்று ஊர்க்கதை பேசிவிட்டு, மறுபடியும் கையை முகர்ந்தார்.

"இதேதான். அட்டைப்பெட்டி அனுப்பி வெக்கறேன். அடுத்த மாசத்துக்கு நாப்பது போட்டுக்கங்க" என்றவர், குரலைத் தாழ்த்தினார். "அதுசரி, எங்க ஊட்டம்மா கேக்கச் சொன்னா. இதுல என்னம்மா சேக்கறீங்க?"

"அது அக்கா கைப்பக்குவமுங்க" என்று கலாவதி கிருஷ்ணம்மாளைக் காட்டினாள். "நாங்க வெளிய சொல்றதில்லீங்க."

கிருஷ்ணம்மாள் திடுக்கிட்டு அவளைப் பார்த்தாள். இந்த லைனில் ஒரு ரகசியத்தை யாராவது அவளிடம் கொடுத்து வைத்தது அதுதான் முதல் தடவை. கொடுத்தவளோ அவளைப் பற்றி எல்லாம் தெரிந்தவள்.

சாயங்காலம் குழாயடியில் கூட்டம். சாதாரணத் தேங்காயெண்ணெய் தேய்த்த தலையோடு கிருஷ்ணம்மாள் இரண்டு குடங்களுடன் வரிசையில் நின்றாள். ஒன்று அவளுடையது, ஒன்று கலாவதியுடையது. பக்கத்தில் யாரோ கலாவதியின் இடுப்பைப் பற்றி, மூட்டை தூக்கியதில் வந்தது என்று ஆரம்பித்தார்கள்.

"மூட்டையில்ல" என்றாள் கிருஷ்ணம்மாள். "என்ற ஊட்டுத் தண்ணியைச் சொமந்து வந்தது. எனக்குக் கால் ஒடைஞ்சப்ப நாப்பது நாள் அவதான் சொமந்தா. நான் தப்பாச் சொல்லிப்போட்டேன்."

அவள் வாயிலிருந்து இப்படி ஒரு செய்தி வந்து யாரும் கேட்டதில்லை. வீராயிதான் முதலில் சுதாரித்தாள். குடத்தை நகர்த்திக்கொண்டு கிட்டே வந்தாள்.

"அது கெடக்குதுங்கக்கா. அந்தச் சோப்புல அப்படி என்னதான் ஊத்துனீங்க? என்றகிட்ட மட்டும் சொல்லுங்க. நான் ஆருகிட்டயும் சொல்ல மாட்டேன்."

கிருஷ்ணம்மாள் இடதுபுறம் பார்த்தாள், வலதுபுறம் பார்த்தாள். ஏழு பேர் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். அவள் வாய் ஒரு தரம் திறந்தது.

"எண்ணெய்தான்" என்று சொல்லிவிட்டு, குடத்தைக் குழாய்க்கு அடியில் வைத்தாள்.